கேள்வி கேட்டவள்

"இது அந்தக் காலத்து மணிக்கூடா?"

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற பெண் கேட்டதும் கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பழைய சட்டைப்பைக் கடிகாரம் போல வெள்ளியில் வட்டமாக, சங்கிலியோடு இருந்த அந்தப் பொருளுக்குக் கீழேதான் கொட்டை எழுத்தில் பெயர் போட்டிருந்ததே, சுண்ணாம்புச் செப்பு என்று.

விளக்கம் சொல்ல நின்ற பிரேமிளாவுக்கு முகம் சூடேறியது. அவள் பாடு ஏற்கெனவே திண்டாட்டம்.

கண்டியிலுள்ள அந்தச் சின்ன நூதனசாலையில் வருஷா வருஷம் மரபுரிமை மாதம் நடக்கும். பொதுமக்களை இலவசமாக உள்ளே விட்டு, கூடவே நடந்து விளக்கம் சொல்வார்கள். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும்தான். இந்த வருஷம் முதல் தடவையாகத் தமிழிலும் ஒரு சுற்று வைத்திருந்தார்கள், அதுவும் பரீட்சார்த்தமாக. நன்றாக வந்தால் தொடரும், சொதப்பினால் இதோடு சரி என்று பொறுப்பதிகாரி மேடம் சொல்லியிருந்தார். சொன்னதோடு நில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் வந்தும் நின்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. ஆனால் ஆட்களின் முகம் விளங்கும்.

கட்டுகஸ்தோட்டை, பிலிமத்தலாவை, பிரேமிளாவின் சொந்த ஊரான புசல்லாவை என்று பல இடத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. அவள் வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கிழமைக்கணக்காகப் பாடமாக்கியதெல்லாம் துடைத்து எடுத்தது மாதிரிப் போய்விட்டது. கை நடுங்கியது. சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. மேடம் கையைக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மணிக்கூட்டுக் கேள்வி.

"மணிக்கூடு இல்லைங்க. வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்ப வைக்கிற செப்பு" என்றாள். பாடமாக்கிய தமிழ் வரவில்லை, வீட்டுத் தமிழ்தான் வாயில் வந்தது.

"அப்ப சங்கிலி எதுக்கு?"

சங்கிலியின் மறுமுனையில் சுண்ணாம்பு தொட்டெடுக்கும் குட்டிக் கரண்டியைக் காட்டினாள். பெரிய இடத்து ஆட்கள் இதை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள் என்றாள். எங்கம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும்போது தைல டப்பாவில் சுண்ணாம்பை அடைத்து இடுப்பில்தான் செருகுவார், இது வெள்ளி, அது தகரம், வேலை ஒன்றுதான் என்று அவள் சொன்னபோது புசல்லாவைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த அறைக்குப் போகிற வழியில், வாசலில் ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்த தினுஷன் ஓடிவந்து காதில் சொன்னான்.

"அக்கா, கேள்வி கேட்டவங்க யாருன்னு தெரியுமா? கட்டுகஸ்தோட்டை பஸ்லினா. உங்க வேலைக்குப் போட்டியா வந்தவங்க. எழுத்துப் பரீட்சையில மொதலாவதா வந்ததே அவங்கதான். இன்டர்வியூவுலதான் தவறிட்டாங்க. கவனமா இருங்க."

பிரேமிளாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. பரீட்சையில் முதலாவதாக வந்தவளுக்குச் சுண்ணாம்புச் செப்பு தெரியாதா? மேடத்துக்கு முன்னால் தன்னைக் கவிழ்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள்.

கேள், நீ என்னதான் கேட்கிறாய் பார்க்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

பஸ்லினாவும் கேட்டாள். ஓலைச்சுவடியில் மை எப்படி ஊறாமல் நின்றது என்று கேட்டாள். பல்லக்குக்கு ஏன் சில்லு இல்லை என்று கேட்டாள். கேள்வி கேட்பதற்கும் ஒரு விவஸ்தை வேண்டாமா என்று பிலிமத்தலாவைக் கடைக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்.

பிரேமிளா ஒன்றையும் விடவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது எழுத்து கண்ணுக்கே தெரியாது, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்புத் தங்கும் என்று, தன் உள்ளங்கையிலேயே பூசித் துடைப்பதுபோல் செய்து காட்டினாள். பல்லக்குப் போன மலைப்பாதையில் சில்லு உருளாது, மனுஷர் தோள்தான் சில்லு என்றாள்.

"உள்ள உக்காந்து போனவரு பேரு இங்க இருக்கு. தூக்கிட்டுப் போனவங்க பேரு எங்கயும் எழுதலைங்க."

தோட்டத்துப் பெண் ஒருத்தி பல்லக்கின் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் எல்லாப் பக்கமிருந்தும் வந்தன. விவஸ்தை பேசிய கடைக்காரரே முன்வரிசைக்கு வந்து, பித்தளை விளக்கை எப்படி வார்த்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். நேரம் முடிந்தும் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் எழுந்த கைதட்டலுக்கு, தெருவில் போனவர்களும் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிரேமிளாவின் இரண்டு கையையும் பிடித்தார்.

"இனி எல்லாச் சனிக்கிழமையும்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழிலேயே.

பிரேமிளாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஜெயித்த அந்தத் தெம்போடேயே வாசலுக்கு விரைந்தாள். பஸ்லினா குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க" என்றாள் பிரேமிளா. "பரீட்சையில மொதலாவதா வந்தவங்களுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதா? என்னைக் கவுக்கத்தானே வந்தீங்க?"

பஸ்லினா திரும்பினாள். கோபப்படவில்லை. குடையை மடக்கிக்கொண்டு சொன்னாள்.

"இன்டர்வியூவில ஒரு பொருளக் காட்டிப் பேசச் சொன்னாங்க. நானும் உங்களப் போலத்தான் கை நடுங்கி நின்டேன், பேச்சே வரல்ல. சும்மா ஒரு கேள்வி யாராவது கேட்டிருந்தா வந்திருக்கும்."