மாசக் கடைசியில் ஒரு கொடி ரோஜா

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுன்னு சொல்லியாச்சு. இப்பப் போய் குழி தோண்டி ரோஜா வைக்கிறாளே, என்ன தைரியம் பாரு."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்துப் பொருமினாள் வீட்டுக்காரம்மா.

கீழ் வீட்டில் குடியிருக்கும் தையல்காரி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டிருந்த இரண்டு கொடி ரோஜாக்களின் அடியில் சருகு பரப்பிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணி அடித்துக் கம்பிகூட இழுத்துக் கட்டியாயிற்று.

"காலி பண்ற உத்தேசமே இல்லக்கா," என்றான் பக்கத்தில் நின்ற அவளுடைய வக்கீல் தம்பி. "அது வேர் பிடிச்சுச் சுவர் ஏறவே ஒரு வருஷம் ஆகும்."

அவ்வளவுதான். இருவரும் இறங்கினார்கள்.

"யாரைக் கேட்டு என் சுவர்ல ஆணி அடிச்சே?"

"கேட்டிருக்கணும்மா. தப்புதான்."

தையல்காரி ஒரு தண்டைப் பக்கவாட்டில் வளைத்து, துணிக் கிழிசலால் தொளதொளவென்று கம்பியில் கட்டினாள். பிறகு நுனியிலிருந்த மொட்டைக் கிள்ளினாள்.

"வச்சதும் வச்சே, மொட்டை எதுக்குக் கிள்றே?"

"இப்பப் பூக்க விட்டா வேருக்குப் போற சத்து பூவுக்குப் போயிடும்மா. கிள்ளிவிட்டா அடுத்த வருஷம் சுவர் முழுக்கப் பூக்கும்."

"அடுத்த வருஷம்," என்று அழுத்திச் சொன்னான் தம்பி. "கேட்டுக்கிட்டியாக்கா?"

வீட்டுக்காரம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என் பொண்ணுக்கு வேலை இந்த ஊருக்கு மாத்தலாகுது, வீடு வேணும்னு எவ்வளவு தன்மையா சொன்னேன். எட்டு வருஷம் கூடப்பிறந்தவ மாதிரி பழகிட்டு, மூஞ்சிக்கு நேரா தலையாட்டிட்டு, இப்ப இடத்தை வளைக்கப் பாக்கறியே. உனக்கே நல்லா இருக்கா?"

தையல்காரி எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, சாத்தியிருந்த கதவைத் தள்ளினாள்.

கூடத்தில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள். சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. தரையைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தாள்.

"மூணு மணிக்கு வண்டி வருதும்மா. இன்னும் பத்து நாள் இருக்கு, ஆனா நீங்க வெள்ளையடிக்கணுமே."

தம்பி அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுப் பக்கம் நகர்ந்தான்.

வீட்டுக்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இந்தச் செடி யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான். வாரத்துக்கு ரெண்டு தரம் அடிமண் ஊறுற மாதிரி ஊத்தினா போதும்."

"அவளுக்கு வேலைக்கு ஓடவே நேரம் சரியா இருக்கும். இதையெல்லாம் எங்க பார்க்கப்போறா?"

தையல்காரி கேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவனுக்கு எட்டாத குரலில் சொன்னாள்.

"நீங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு போன்ல அழுதது கீழே கேட்டுச்சும்மா. மாத்தலும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவ புருஷன் வீடு வேண்டாம்னு வரா. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படி வர்றவளுக்குக் காலையில எந்திரிச்சதும் போய்ப் பார்க்கறதுக்கு உசுரோட ஏதாவது ஒண்ணு வேணும்மா. இந்த வீட்டுக்கு நான் தனியா வந்தப்ப, எனக்கு அது இல்லை."