பொம்மையின் வலது கை

ஜவுளிக்கடைப் பொம்மையின் வலது கையைத் தோளில் பொருத்திப் பாதி திருப்பியிருந்தான். பொம்மை அவனைத் தள்ளியது.

அப்படித்தான் நினைத்தான்.

அப்புறம் கண்ணாடிக் கதவு ஆடியது. அடுக்கி வைத்திருந்த பட்டுச் சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஐந்தாவது மாடி முழுக்க ஒரு கணம் யாரும் விலை கேட்கவில்லை. அந்தக் கடையில் அது அதுவரை நடந்ததில்லை.

"பூமி ஆடுது" என்று யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள்.

எல்லோரும் ஓடினார்கள். அவனும் ஓடினான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பார்த்தான். பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். சேலை கட்டும்போது கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசியில்தான் மாட்டுவார்கள். பூமிக்கு அதுவரை பொறுமை இல்லை.

சூப்பர்வைசர் அருணகிரி பார்த்துவிட்டார்.

"ஏன்டா, அவ்வளவு பட்டையும் விட்டுட்டு இதையா காப்பாத்துன?"

தெருவில் எல்லோரும் யார் கையையாவது பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் தனியாகத் தெரியவில்லை.

கடையில் வேலை பார்ப்பவர்களின் போன் காலையிலேயே வாட்ச்மேனிடம் போய்விடும். கடை வழக்கம். இன்று மேனேஜரே மனமிரங்கி, கொடுத்துவிடச் சொன்னார்.

வாட்ச்மேன் பிளாஸ்டிக் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ட்ரேக்குள் நிலநடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அம்மா, அப்பா, மாமா, அத்தான் என்று திரைகள் மின்னின.

அவனுடையது மட்டும் அசையாமல் கிடந்தது.

கடைசியில் அதுதான் மிஞ்சியது.

"உன்னுதாப்பா? ஆஃப் ஆயிடுச்சா?"

"சைலண்ட்ல இருக்குண்ணே."

வாங்கிப் பார்த்தான். இந்நேரம் டிவியில் வந்திருக்கும். அவன் இந்த ஊரில் இருப்பது ஞாபகம் வந்து யாராவது கூப்பிடலாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். ரீசார்ஜ் கம்பெனி மட்டும் தினமும் தவறாமல் கூப்பிடும். இன்று அதுவும் இல்லை.

சுற்றிலும் பேச்சு. எல்லாம் ஒரே பேச்சு.

ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். சாப்டேம்மா.

பூமி ஆடியதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவனும்தான் சாப்பிட்டிருந்தான். மெஸ் புளிசாதம், ஒரு பருக்கை விடாமல். கேட்க ஆளில்லாததால் அது சேதியாகவில்லை.

சுடிதார் செக்‌ஷன் ஜெபராணி வந்தாள். அவள் போனில் சார்ஜ் இல்லை. இத்தனை மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஊருக்கு ஒரு போன் பண்ணிக்கட்டா அண்ணா?"

கொடுத்தான். அவள் அம்மா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் மேலே ஏற்றினார். போன்களைத் திரும்ப வாங்க வாட்ச்மேன் மறந்துபோனார்.

ஐந்தாவது மாடியில் பொம்மை ஒற்றைக் கையோடு அதே சிரிப்பில் நின்றது. கையைத் தோளுக்குக் கொண்டுபோனான்.

பாக்கெட் நடுங்கியது.

மறுபடியும் பூமியோ என்று பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

போன்.

"யாருய்யா பேசுறது? இந்த நம்பர்லருந்து ரெண்டு தடவ வந்திருக்கு."

ஜெபராணியோடு வேலை பார்க்கிறவன் என்றான். அவள் நன்றாக இருக்கிறாள், கீழ் மாடியில் இருக்கிறாள், உடனே பேசச் சொல்கிறேன் என்றான்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான் விஷயம். வைத்துவிடுவார்கள் என்று காத்திருந்தான்.

வைக்கவில்லை.

"நீ சாப்டியாய்யா?"

விரல்களில் புளிசாத வாசனை இன்னும் போகவில்லை.

"இல்லம்மா" என்றான். "இன்னும் சாப்பிடல."