இருபது சென்டிமீட்டர் தொட்டி

செப்டம்பர் 17, புதன்.

திங்களன்று ஓர் அளவைப் பிழை என்று நினைத்து நோட்டில் அடித்துவிட்டேன். அது என் தவறு.

மருத்துவப் படமெடுப்பு இயற்பியல் மாலை வகுப்பில், தண்ணீர்த் தொட்டிக்குள் அல்ட்ராசவுண்ட் அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடுகிறோம். தொட்டியின் ஆழம் இருபது சென்டிமீட்டர். திங்களன்று எனக்கு இருபத்தாறிலிருந்தும், அதாவது தொட்டியின் அடிக்கும் கீழிருந்து, ஓர் எதிரொலி வந்தது. நேற்று அது இருபத்துநான்கு.

என்னோடு சோதனை செய்யும் அல்ஃபியா கணக்கைச் சரிபார்த்தாள். "சரியாத்தான் போட்டிருக்கீங்க பிரதீப். வேணும்னா மேசைக்கடியில பாத்துட்டு வாங்க," என்று சிரித்தாள். குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

இன்று இருபத்திரண்டு. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே வருகிறது.

நாளை தொட்டியின் அடியைக் கையால் தேய்த்துக் கழுவும் நாள். முறை அல்ஃபியாவுடையது. முன்னதாகப் போய், அட்டவணையில் அவள் பெயரை அடித்து என் பெயரை எழுத வேண்டும்.