மூன்று முறை ஓடிப்போனவள்

ஜோசஃபின் இதுவரை மூன்று முறை வீட்டைவிட்டு ஓடிப்போயிருந்தாள். ஒரு முறை கிணற்றிலும் குதித்திருந்தாள். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான், பெண் பார்க்க வருகிறவர்கள் காக்ஸ் டவுனில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற நேரத்தில், அவள் அம்மா மேரி பழைய வாரப் பத்திரிகைகளையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டா," என்றாள் மகனிடம். "கூடப் பொறந்தவளை விட்டா இந்த ஊர்ல உனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா?"

"வேற யாரும்மா காசு வாங்காம அசையாம நிப்பாங்க?" என்றான் ஓஸ்வால்ட்.

ஓஸ்வால்ட் பகலில் கடைகளுக்குப் போர்டு எழுதுவான். வாராவாரம், குமாரி தாழம்பூ என்ற எழுத்தாளரின் தொடர்கதைக்குப் படம் போடுவான். படத்தை அச்சடிக்கிற உலோக பிளாக்காகச் செய்ய நாளாகும் என்பதால், கதை கைக்கு வருவதற்கு முன்பே பத்திரிகை ஆசிரியர் ஒரு வரி மட்டும் சொல்லிவிடுவார்: பெண் ஓடுகிறாள், கையில் பை. உடனே ஜோசஃபின் பையோடு வந்து நிற்பாள். அவள் நின்றால் வீட்டுப் பூனையும் வந்து காலடியில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணில் பட்டதை வரையாமல் விட்டுவிடுகிற பழக்கம் ஓஸ்வால்டுக்குக் கிடையாது.

என் கதையில் ஏது பூனை என்று குமாரி தாழம்பூ ஆசிரியருக்குக் கோபமாக எழுதுவார். ஆனால் பிளாக் செய்தது செய்ததுதான். கடைசியில் கதைதான் வளைந்துகொடுக்கும். கதாநாயகி கிணற்றில் குதித்த வாரம், 'பூனை மட்டும் விளிம்பில் நின்று கத்தியது' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அதைப் படித்துவிட்டு ஜோசஃபின் நாள் முழுக்கச் சிரித்தாள்.

போன மாதம் வந்த வரனின் அத்தை சிரிக்கவில்லை. 'பத்திரிகையில ஓடுற பொண்ணு எங்களுக்கு வேணாம்' என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். தவக்காலம் பிறந்துவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணத்தையும் முடித்துவிட வேண்டும் என்று மேரி தவித்துக்கொண்டிருந்தாள்.

பூனையைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தவும், வாசலில் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

ஞானம்மாவும் அவள் மகன் ஆரோக்கியசாமியும் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்தார்கள். அவன் அங்கே சுரங்க ஆபீஸில் குமாஸ்தா.

ஜோசஃபின் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். உட்காருவதற்கு முன் அவன் குனிந்து நாற்காலிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தான். பிறகு பெஞ்சுக்கு அடியிலும் பார்த்தான். என்னத்தைத் தேடுகிறான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான், இந்த வரன் தட்டிப்போய்விடக் கூடாதே என்று பயம் வந்தது. அதுவரை அது அம்மாவின் பயமாக மட்டுமே இருந்தது.

"எம்புள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது," என்று ஞானம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல எழுதறது போதாதுன்னு வூட்டுக்கு வந்தும் எழுதிக்கினேதான் இருப்பான். ஒரு நாளு கையில மை இல்லாம சோறு துன்னதில்ல."

ஜோசஃபின் காபித் தட்டோடு வந்தாள். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் சமையலறைக் கதவைச் சாத்த முடியவில்லை.

ஞானம்மா ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். "உன்ன நான் எங்கியோ பாத்திருக்கேனே."

"கோவில்ல பாத்திருப்பீங்க," என்று மேரி முந்திக்கொண்டாள்.

"எங்க கோவிலு தங்கவயல்ல இல்ல இருக்குது."

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க எல்லாம் ஒரே ஜாடைம்மா."

அப்போது திறந்த கதவு வழியாகப் பூனை வந்தது. யாரையும் பார்க்காமல் நேராக நடந்து, ஜோசஃபினின் இடது காலருகே வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

ஞானம்மாவின் தம்ளர் பாதி வழியில் நின்றது. "பூனை," என்றாள். "மாதாவே, இவ அந்த ஓடிப்போற பொண்ணு."

"அது வெறும் படம்தாம்மா," என்றான் ஓஸ்வால்ட். "நான் போட்டது. ஓட வெக்கிறது அந்தக் குமாரி தாழம்பூ. வூட்ல சோறாக்கிக்கினு கெடக்காம, அடுத்தவங்க வூட்டுப் பொண்ணை வாராவாரம் ஓட வெச்சுக்கினு இருக்குது."

"அந்தப் பொம்பள மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்றாள் மேரி. "கொண்டையை அறுத்துடறேன்."

காபி குடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமிக்குப் புரையேறியது.

"படமோ நெசமோ, தங்கவயல்ல அந்தக் கதையப் படிக்காத வூடு இல்ல," என்றாள் ஞானம்மா. "நாளைக்கு இவளோட கோவிலுக்குப் போனா நாலு பேரு என்ன கேப்பாங்க? இருமினது போதும், நீ சொல்லுடா."

ஜோசஃபின் நின்ற இடத்திலேயே நின்றாள். அசையாமல் நிற்பது அவளுக்குப் பழகிப்போன வேலைதான். ஆனால் இந்த முறை இடது காலால் பூனையை மெல்லத் தன் பின்னால் தள்ளப் பார்த்தாள்; அது நகரவில்லை.

ஆரோக்கியசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெகுநாள் பகையாளியைப் பார்ப்பதுபோல் பூனையை ஒரு முறை பார்த்தான். பிறகு ஓஸ்வால்டின் பக்கம் திரும்பினான்.

"அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம்னு எழுதியிருக்கேன் மச்சான், அந்தப் படத்துலயாச்சும் இந்தப் பூனை வேணாம்."