ஜன்னலோர மூலை மேசை

'இன்றே கடைசி நாள்' என்று கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னக்கா இது? ஒழுங்கா காபி கிடைக்கிற ஒரே கடை. இதையும் மூடிட்டா நான் எங்க போறது?"

"ஆள் வந்தாத்தானே தம்பி நடத்த முடியும்?" காபிக்கடை அக்கா என் மேசையில் கோப்பையை ணங்கென்று வைத்தார்.

மற்ற மேசைகள் எல்லாம் காலி. இந்த அமைதிக்காகத்தான் தினமும் வருகிறேன். ஜன்னலோர மூலை, கையெட்டும் தூரத்தில் பிளக், லேப்டாப்பில் என் சொந்த வெப்சைட்டை நோண்டிக்கொண்டே இரண்டு காபி.

"எல்லாம் ஒருத்தன் பேர் போடாம நெட்ல எழுதி வச்ச வேலை." அக்கா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "காபி கழனித்தண்ணியாம். நாற்காலியெல்லாம் மூட்டைப்பூச்சியாம். கடை பேரைத் தேடினா முதல்ல இதுதான் வந்து நிக்குது. வெளங்குவானா அவன்?"

நான் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினேன்.

"உனக்குத்தான் வெப்சைட் வேலையெல்லாம் தெரியுமே. எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

லேப்டாப்பை மெல்ல மூடினேன். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கும்பல் இந்த மூலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. இனி ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற ஆத்திரத்தில், வாசலில் நின்றபடியே நான் எழுதியது அது.

அக்கா இரண்டாவது காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"குடி தம்பி. கடைசி வரைக்கும் என்னைக் கைவிடாதவன் நீ ஒருத்தன்தான்."