அண்ணனுக்கு வைத்த பெட்டி

கிணற்றுத் தண்ணீர் முறைக்காக தன் அண்ணன் இஞ்ஞாசியோடு சண்டை போட்ட வருடமும், வழக்கம்போல முதல் அறுப்பில் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சையை அவருக்கென எடுத்து வைத்தான் சவரிமுத்து. அப்போதுதான் ஊருக்குப் புதுக் குளிரறை வந்திருந்தது; அதில் வைத்தால் பத்து வருடமானாலும் பழம் வாடாது. கோபம் தணியட்டும், பழம் எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டான்.

ஐந்தாம் வருடம், அண்ணனை அடக்கம் செய்த மறுநாள், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். மதினி திறந்து பார்த்தாள். காம்பு பச்சையாக இருந்தது. பழத்தின் மேலிருந்த வெள்ளைப் பூச்சுகூடக் கலையவில்லை.

"இன்னிக்குப் பறிச்சதா தம்பி?"

"சண்டை போட்ட வருசம் பறிச்சது மதினி. அண்ணனுக்குன்னு வச்சது."

அவள் மெல்லப் பெட்டியை மூடினாள்.

"முன்ன மாதிரி நாலு நாள்ல அழுகுற பழமா இருந்திருந்தா, அந்த வாரமே வந்திருப்பீக."