மாசிலாமணி மூப்பர் திரும்பி வந்த ஞாயிறு

மாசிலாமணி மூப்பர் எழுந்து நின்றபோது யூனிஸ் கையில் அப்பத்தட்டோடு பலிபீடத்தின் முன் நின்றிருந்தாள்.

அவர் பலிபீடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

காலை எட்டரை மணி. கடல் ஏறி, ஆலயத்தின் பின்சுவர் வரைக்கும் வந்திருந்தது. ஜன்னல் வழியே புகுந்த வெளிச்சத்தில் அலைகளின் நெளிவு கூரையெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. சபை மொத்தமும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கொண்டுவந்து போட்ட மணல் அவர் பாதங்களுக்குக் கீழே நறநறத்தது.

ஒன்பது மாதங்களுக்கு முன்பு இதே நடைபாதையில் அவர் எதிர்த்திசையில் நடந்தார்.

அது யூனிஸ் இந்தச் சபைக்கு ஆயராக வந்த முதல் ஞாயிறு. மண்டபத்துக்கு அருகிலிருக்கும் அந்தச் சின்ன ஆலயத்தில் ஒரு பெண் அங்கி அணிந்து திருவிருந்து கொடுக்க நின்றது அன்றுதான் முதல் தடவை. "பொம்பள கையால வாங்க மாட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, சபைக்கே மூத்தவரான மூப்பர் வெளியேறினார்.

அப்புறம் பேராயருக்கு மனு எழுதினார். நான்கு பக்கம். அதில் ஓர் இடத்தில்கூட யூனிஸின் பெயர் இல்லை. 'மேற்படி பெண்' என்றே இருந்தது.

மனு நிராகரிக்கப்பட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அபிராமத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போனார். அவர் சொன்ன சொல் போகவில்லை. ஆண்களில் பாதிப் பேர் பிரசங்கம் கேட்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், திருவிருந்து நேரத்தில் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதும் தீராமலே கிடந்தது. ஆயரை 'ஐயா' என்று கூப்பிட்டுப் பழகிய ஊர். 'பாஸ்டரம்மா' என்றால் அது ஆயரின் மனைவி. சிலர் 'டீச்சர்' என்றார்கள். பலர் தொண்டையைச் செருமினார்கள்.

யூனிஸ் ஒவ்வொரு முறையும் முழுச் சபைக்கும் ஆகிற அளவு அப்பம் வைத்தே ஜெபித்தாள். மீந்ததை வெளியே போடக்கூடாது. ஆராதனை முடிந்தபின் அறைக்குள் உட்கார்ந்து தானே தின்று தீர்த்தாள்.

இப்போது அவர் வந்துகொண்டிருந்தார்.

இந்தக் காட்சியை அவள் பல தடவை கனவில் கண்டிருக்கிறாள். கனவிலும் இப்படித்தான் மெதுவாக நடப்பார். ஆனால் வந்து சேரவே மாட்டார்.

வந்து சேர்ந்தார்.

முழங்காலிட்டார். இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்து நீட்டினார். அவள் அப்பத்தை அதில் வைத்தாள்.

'ஆமென்' சொல்ல வேண்டிய இடத்தில் அவளை நிமிர்ந்து பார்த்து, "அம்மா" என்றார்.

யூனிஸுக்கு அடுத்த வார்த்தை மறந்துபோனது.

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். ஒன்பது மாதமாக அசையாதிருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். வலையிழுத்துக் காய்த்த கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன்னால் நீண்டன. அன்று தட்டில் அப்பம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தாள். கரையில் ஆண்கள் கூட்டமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மூப்பரே எறங்கி வந்துட்டாரு, இனி நமக்கு என்னலே?" என்று யாரோ சொன்னது காற்றில் வந்தது.

மூப்பரின் மகள் சவுந்தரம் வந்து யூனிஸின் அங்கிக் கையைத் தொட்டாள்.

"கோவிச்சுக்கிறாதீங்க. பொங்கலுக்குப் பெறகு அய்யாவுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. சண்ட போட்டது, மனு எழுதுனது, எதுவுமே. என்னையவே அம்மாங்கிறாரு. எந்தப் பொம்பளயப் பாத்தாலும் அம்மாதான்."

சவுந்தரம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போகணும்னு நாலு நாளா அழுதாரு. கூட்டியாந்தேன். எந்திரிச்சுப் போவாருன்னு நெனைக்கல. நெனப்பு மட்டும் இருந்தா உங்க கையால வாங்கியிருக்கவே மாட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தா நிக்கிறவங்களுக்கு இது தெரியாது. சொல்லிரவா, வேண்டாமா?"

யூனிஸ் அந்த ஆண்களைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். அடுத்த ஞாயிறும் வருவார்கள். அதற்கடுத்த ஞாயிறும்.

மூப்பர் ஆலயப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய், வெள்ளை அங்கியோடு மணலில் அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

"அய்யா, நான் யாருன்னு தெரியுதா?"

அவர் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். ஓர் அலை வந்து, படியின் ஓரத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது.

"அப்பம் குடுத்த பிள்ள," என்றார். "வேற யாரு?"

யூனிஸ் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

"எல்லார்ட்டயும் சொல்லிருங்கக்கா," என்றாள் பின்னால் வந்து நின்ற சவுந்தரத்திடம். "இப்பச் சொன்னாருல்ல, அதையும் சேத்துச் சொல்லுங்க."

சவுந்தரம் கரையில் இறங்கி அவர்களை நோக்கி நடந்தாள். அங்கே சிரிப்பும் பேச்சும் ஒவ்வொன்றாக நின்றன.